பி பக்கம்

பத்தொன்பது மாதம். அவ்வளவுதான்.
ஒரு கவாத்துக்கும் அடுத்த கவாத்துக்கும் நடுவே
பாதித் தூரம்கூட அவர்கள் வரவில்லை.

கெசியோ கீபோட் பெனடிக்டாவுடையது,
கிளாக்கர் வீட்டுப் பிள்ளை.
குரல் அம்சவல்லியுடையது,
ஐந்தாம் நம்பர் லயத்துப் பீலிக்கரைச் சண்டைகளில்
உரம் ஏறிய குரல்.
"இங்கிலாந்துல ரெண்டே பேர்தானாம்,
ஒருத்தர் பொத்தான அமுக்க, ஒருத்தர் பாட,
அதுவே ஒரு குழுவாம்"
என்று பெனடிக்டா சொன்னது என் ரெக்கோடிங் பாரில்,
அட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால்.
நான் யாருடையதோ கல்யாணக் கெசட்டுக்குப்
பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன்.

பெயர் வைத்தவள் அம்சவல்லி:
டஸ்ட் நம்பர் வன்.
நல்ல தூளெல்லாம் கப்பல் ஏறிய பிறகு
சல்லடைக்கு அடியில் மிஞ்சுமே, அது.
"சாயம் நமக்குத்தான் கூட" என்று சிரித்தாள்.

பதுளையில் சுவரொட்டி அடித்தவன்
டெஸ்ட் நம்பர் வன் என்று போட்டுவிட்டான்.
கிரிக்கெட் என்று நம்பி வந்த பதினேழு பேர்
காசைத் திருப்பிக் கேட்காமல் கடைசிவரை இருந்தார்கள்.
அதை வெற்றிக் கணக்கில் எழுதினேன்.

வானொலியில் ஒரே ஒரு தரம்.
செவ்வாய், பகல் இரண்டு பத்துக்கு.
அந்நேரம் லயத்தில் யார் இருப்பார்கள்?
எல்லாரும் கொழுந்தில்.
பிள்ளைக் காம்பராவில் ஆயாம்மாவின் ரேடியோ பாடியது.
தொட்டிலில் கிடந்த இருபத்திரண்டு பேர் கேட்டார்கள்.
அவர்களுக்கு இப்போது முப்பது தாண்டியிருக்கும்,
சிலர் ஃபோனுக்கு ரீலோட் போட என்னிடம் வருகிறார்கள்.
அந்த மெட்டை வாய் தவறி
யாராவது முணுமுணுக்கிறார்களா என்று பார்ப்பேன்.
இல்லை. ஒருத்தரும் இல்லை.

கெசட்டில் ஏ பக்கம் நாலு பாட்டு.
பி பக்கத்துக்குக் காசு போதவில்லை,
வெறுமையாகவே விற்றோம், முந்நூறு பிரதி.
சனம் வாங்கியது அந்த வெறுமையைத்தான்.
குவைத்துக்குப் போன மகளுக்குப் பேசி அனுப்ப
ஒரு பக்கம் சும்மா கிடைக்கிறதே!
தம்பி பாஸாயிட்டான், தகரம் மாத்தியாச்சு,
நீ சாப்பிட்டியா.
இப்படியாக டஸ்ட் நம்பர் வன்
பாஸ்போட் இல்லாமல் கடல் தாண்டியது.

பண்டாரவளைக் கல்யாண வீட்டில்
ஒரே ஒரு கவர் தந்தார்கள்.
மேலே: பெனடிக்டா அன்ட் பார்ட்டி.
அம்சவல்லி அதை வாசித்தாள்,
ரசத்தை மட்டும் குடித்துவிட்டு எழுந்தாள்.

ஒரே ரயிலில்தான் திரும்பினோம்.
நானுஓயாவில் எதிர் ரயிலுக்காக
ஐம்பது நிமிடம் நிறுத்திவைத்தார்கள்.
ஒற்றைத் தண்டவாளம், யாராவது ஒதுங்கத்தானே வேண்டும்.
என்ன பேசினார்கள் என்று தெரியாது,
நான் தேத்தண்ணி வாங்கப் போயிருந்தேன்.

பிரிவுக்குக் காரணம் கேட்டவர்களுக்கு
ஆளுக்கொரு கதை சொன்னேன்.
சொல்லாதது இது:
"யார் பேர எழுத?" என்று கல்யாண வீட்டில்
என்னிடம்தான் கேட்டார்கள்.
கையில் அம்ப்ளிஃபயர். கனம். அவசரம்.
வாயில் வந்த முதல் பெயரைச் சொன்னேன்.

பெனடிக்டாவுக்குப் பசறைப் பக்கம் ஆசிரியர் நியமனம் வந்தது.
அம்சவல்லி குவைத்துக்குப் போனாள்.
நாலாம் மாதம் அவள் தாய் கடைக்கு வந்து
பேசி அனுப்ப ஒரு கெசட் கேட்டாள்.
விலை குறைந்தது எது என்றாள்.
அதைத்தான் கொடுத்தேன்.

மூலப் பிரதி என்னிடம் இருக்கிறது.
பாட்டு முடிந்தும் மெஷினை நிறுத்த மறந்திருந்தேன்.
ஒலியைக் கூட்டினால்
தகரத்தில் மழை.
அதற்குள் ஒருத்தி: "முடிஞ்சிச்சா?"
மற்றவள்: "இல்லடி, ஓடுது."
எது யாருடைய குரல் என்று
இப்போது எனக்கே பிடிபடவில்லை.